கைவினை வாழ்த்து அட்டைகள்: மகளிர் குழுக்களுக்கு ஓர் உபதொழில்

விவசாயத்தையே நம்பி வாழும் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வேலை கிடைப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே. திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பருவங்களில் நெல் பயிராகிறது. எனினும் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட வாரங்களில் பெண்களுக்குக் கூலி வேலை அரிதாகிவிடுகிறது. இதே மாவட்டத்தில்தான் மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் இயங்குகிறது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகளும், காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ளன. பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் ஆயுத பூசைக்கும் வாழ்த்தும் அழைப்பும் அனுப்பும் வழக்கம் தொழில் நிறுவனங்களுக்கு உண்டு. அவ்வட்டைகளுள் ஒரு பகுதி அந்த ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களின் பெண்கள் கையால் ஏன் ஆகக் கூடாது என்ற கேள்வி நம் சிந்தனைக்கு உரியது.

அட்டை செய்யக் கற்பது கடினமன்று. சில நாட்களில் கைவந்துவிடும். அந்த அட்டையால் செய்தவருக்கு நியாயமான கூலி கிடைக்கும்படி தொழிலை அமைப்பதே கடினம். பயிற்சி முடிந்து, சான்றிதழ் வழங்கி, நிழற்படமும் எடுத்த பிறகு, கருவிகள் அலமாரியில் உறங்கும் நிலையை ஊரக வளர்ச்சிப் பணியில் இருப்போர் பலமுறை கண்டிருக்கிறோம். ஆகவே, அட்டை செய்யும் முறையை விளக்குவதோடு, எந்த நிபந்தனையின் பேரில் இத்தொழில் பயன் தரும் என்பதையும் இக்கட்டுரையில் கூற முற்படுகிறேன்.

வாழ்த்து அட்டை வந்த வழி

1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தூரம் எதுவாயினும் ஒரு பென்னி என்ற சீரான தபால் கட்டணம் ஏற்பட்டது. அதனால் கடிதப் போக்குவரத்து பெருகிற்று. 1843ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்பவர் தம் நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதுவதற்குப் பதிலாக, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தை வரைவித்து அச்சிட்டார். கல்லச்சில் பதித்து, கையால் வண்ணம் தீட்டப்பட்ட அந்த அட்டையின் விலை ஒரு ஷில்லிங். அதாவது, பன்னிரண்டு கடிதங்களுக்கான தபால் கட்டணம். கைவேலைக்கு அன்றே தனி விலை இருந்தது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் காகிதத்தைப் புடைக்கச் செய்யும் கலை தபாலோடு தொடர்புடையது. 1852ஆம் ஆண்டு சிந்து மாகாணத்தில் பார்ட்டில் பிரியர் வெளியிட்ட அரையணாத் தபால் தலையே ஆசியாவின் முதல் தபால் தலையாகும். அது மையால் அச்சிடப்படாமல், காகிதத்தைப் புடைக்கச் செய்து உருவாக்கப்பட்டது. வெள்ளைத் தாளில் வெள்ளைப் புடைப்பாக இருந்தமையால் விளக்கொளியில் அது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. நீல நிறத்திலும் அது வெளியிடப்பட்டது. அட்டை செய்வோருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. புடைப்பின் அழகு நிழலில்தான் இருக்கிறது; நிழல் விழும் அளவுக்கு உயரம் இல்லாவிட்டால் வேலை முழுதும் வீணாகும்.

தமிழகத்தில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடும் உணர்வு பெருகியபோது பொங்கல் வாழ்த்து அனுப்பும் வழக்கமும் பரவிற்று. 1922ஆம் ஆண்டு தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பி வந்து தொடங்கிய தொழில், சிவகாசியில் தீப்பெட்டிச் சீட்டு அச்சிடும் தேவையை உண்டாக்கியது. அதிலிருந்து வளர்ந்த அச்சுத் தொழில் பின்னாளில் நாட்காட்டிகளையும் வாழ்த்து அட்டைகளையும் மிகக் குறைந்த விலையில் ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. கைப்பேசி வந்தபின் அவ்வழக்கம் பெரிதும் குறைந்தது. வாழ்த்துச் செய்தி இன்று ஒரு நொடியில், செலவின்றிச் செல்கிறது.

ஆகவே, விலையில் அச்சு இயந்திரத்தோடும் வேகத்தில் கைப்பேசியோடும் போட்டியிட்டுக் கைவினை அட்டை வெல்ல இயலாது. அவை இரண்டாலும் தர முடியாத ஒன்றை அது தரவேண்டும். விரலால் தடவி உணரும் புடைப்பு, காகிதத்தின் இழை, பெறுபவர் பெயரைத் தாங்கிய எழுத்து, கைப்பட வந்த முத்திரை ஆகியவையே அதன் மூலதனம்.

காகிதம்

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934ஆம் ஆண்டு காந்தியடிகளின் வழிகாட்டுதலில் அமைந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். அச்சங்கம் மீட்டெடுக்க முயன்ற தொழில்களுள் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேரில் உள்ள கைக்காகித ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. நமக்கு அண்மையில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணி வெட்டுகளைக் கொண்டு காகிதம் செய்து வருகிறது.

பருத்திக் காகிதம் புடைப்பு வேலைக்கு ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. புடைக்கும்போது காகிதத்தின் இழைகள் இழுபடுகின்றன. நீண்ட பருத்தி இழை இழுப்பைத் தாங்கி வளைந்து கொடுக்கும். பலமுறை அரைத்து மறுபடி செய்த தாளின் குட்டை இழைகளோ அறுந்து விளிம்பில் வெடிப்பு விழும். மேலும், மரக்கூழில் தங்கிவிடும் லிக்னின் என்னும் பொருளே தாளைக் காலப்போக்கில் மஞ்சளாக்குகிறது. பருத்தியில் அது மிகக் குறைவு.

காகிதத்தின் கனத்தை அச்சகத்தார் 'ஜிஎஸ்எம்' என்ற அளவால் குறிப்பர். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே இதன் பொருள். அடி அட்டைக்கு 220 முதல் 300 வரையுள்ள தாளும், மேலே ஒட்டும் புடைப்புத் துண்டுக்குச் சற்று மெல்லிய தாளும் போதுமானவை.

வாங்குமுன் தாளின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். உடனே உறிஞ்சினால் அத்தாளுக்குக் கஞ்சிப் பூச்சு போதவில்லை என்று அறியலாம். பொதட்டூர்பேட்டை நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுவது போலவே, மை பரவாமல் இருக்கத் தாளுக்கும் பூச்சு வேண்டும்.

அளவும் மடிப்பும்

சாதாரண ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. நீளத்தின் நடுவே இரண்டாக வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 210 மில்லிமீட்டர் பக்கத்தின் நடுவே மடித்தால் ஏறக்குறைய 105க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள அட்டை ஆகும். இதற்குக் கடைகளில் கிடைக்கும் சி6 என்னும் 114க்கு 162 மில்லிமீட்டர் உறை பொருந்தும். உறையின் அளவை முதலில் தெரிந்துகொண்டு அட்டையின் அளவை முடிவு செய்வதே சிக்கனமானது. அளவில்லாமல் அட்டையைச் செய்துவிட்டு உறை தேடினால், உறையையும் தனியே செய்ய நேரிடும்.

ஆலைத் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதில் வளையும் பக்கம் இழையின் திசையைக் காட்டும். மடிப்புக் கோடு அத்திசையிலேயே அமைய வேண்டும்; குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறும். கைக்காகிதத்தில் இழை எப்பக்கமும் பரவியிருப்பதால் இத்தொல்லை குறைவு.

மடிக்குமுன் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் ஒரு வரி அழுத்த வேண்டும். அவ்வரியின் மறுபுறத்தில் சிறு மேடு தோன்றும். அந்த மேடு மடிப்பின் உட்பக்கம் வருமாறு மடிக்க வேண்டும். பலரும் இதை மாற்றி மடிக்கின்றனர். அதனால் வெளிவிளிம்பு வெடிக்கிறது.

முத்திரை

ஊராட்சி அலுவலகத்தில் நாள்தோறும் உபயோகிக்கும் ரப்பர் முத்திரை யாவருக்கும் தெரியும். மேடாக உள்ள பகுதி மையை எடுத்துத் தாளில் பதிக்கிறது. பள்ளமான பகுதி வெறுமையாக நிற்கிறது. வாழ்த்து அட்டை முத்திரையும் இதே தத்துவத்தில் அமைந்தது. ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் தேக்கு மர அச்சுகளால் துணியில் கலம்காரி பதிக்கும் முறையும் இதுவே.

தொடக்கத்தில் மரம் செதுக்க வேண்டியதில்லை. லினோ விரிப்பிலோ, மென்மையான ரப்பர்த் தகட்டிலோ சிறு உளிகளால் வடிவத்தை வெட்டிக்கொள்ளலாம். எழுத்தோ படமோ தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவது போல் வெட்டப்பட வேண்டும். இதற்கு எளிய வழி: மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் வடிவத்தை நேராக வரைந்து, வரைந்த பக்கம் ரப்பரின் மேல் படுமாறு கவிழ்த்து, நகத்தால் தேய்க்க வேண்டும். கோடுகள் தாமே இடவலம் மாறி ரப்பரில் படியும். வெட்டும்போது கத்தி எப்போதும் உடலிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். பிடிக்கும் கை கத்திக்கு முன்னே இருக்கலாகாது.

மையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. அலுவலக ஊதா மை சாய வகையைச் சேர்ந்தது. அது கைக்காகிதத்தின் இழை வழியே கசிந்து பரவும், வெயிலில் வெளுக்கும். நிறத்துகள் கலந்த 'பிக்மென்ட்' மை தாளின் மேற்பரப்பிலேயே தங்கும், நிறமும் நிலைக்கும். ஆனால் உலர நேரம் எடுத்துக்கொள்ளும்.

அவ்வாறு மெதுவாக உலர்வதையே பயன்படுத்தி எழுத்தை மேடாக்கும் முறை ஒன்று உண்டு. ஈரமான மையின் மேல் பிசின் பொடியைத் தூவி, ஒட்டாத பொடியைத் தட்டிச் சேர்த்துக்கொண்டு, வெப்பக் காற்றுக் கருவியால் சூடேற்றினால், பொடி உருகிப் பளபளக்கும் மேடாக உறையும். திருமணப் பத்திரிகைகளில் கையால் தடவினால் தட்டுப்படும் எழுத்துகளில் பல இம்முறையைச் சேர்ந்தவை. தலைமுடி உலர்த்தும் கருவி இதற்குப் போதாது. அதன் காற்று பொடியைச் சிதறடிக்கும், வெப்பமும் குறைவு. வெப்பக் கருவி கையைச் சுடும். குழந்தைகள் உள்ள இடத்தில் இதனைச் செய்தல் கூடாது.

புடைப்புப் பின்னணி

நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் அறுக்கப்படும் கல்லின் முகத்தில் உரிமையாளரின் எழுத்துகள் பதிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அச்சில் உள்ள மேடு களிமண்ணில் பள்ளமாகிறது. காகிதத்திலும் அதுவே நிகழ்கிறது. ஆனால் காகிதம் களிமண்ணைப் போல் குழைவதில்லை. ஆகையால் அதனை இரு பக்கமும் தாங்கி அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மேடும், எதிர்ப்பக்கம் அதற்குப் பொருந்திய பள்ளமும் இருக்க, இடையே தாள் நிற்க வேண்டும். பள்ளம் மேட்டைவிடத் தாளின் கனத்தளவு அகலமாக இருத்தல் அவசியம். இல்லையேல் தாள் வெட்டுண்டு போகும். அச்சகத்தார் இதனை 'எம்பாஸிங்' என்பர்.

இரட்டைத் தகடு வாங்காமலே கிராமத்தில் செய்யக்கூடிய முறை ஒன்று உண்டு. கனத்த அட்டையின் மேல் கெட்டி நூல் கயிற்றைக் கோல வடிவில் ஒட்ட வேண்டும். புள்ளிகளுக்குத் துளைக்கருவியால் எடுத்த அட்டை வட்டங்களை ஒட்டலாம். நன்கு உலர்ந்தபின் வார்னிஷ் பூசி ஈரம் ஏறாமல் காக்க வேண்டும். இத்தகட்டின் மேல், ஈரத்துணியில் சற்று நேரம் சுற்றி வைத்துத் துவளச் செய்த தாளை விரித்து, அதன் மேல் கம்பளித் துண்டையோ மென்மையான ரப்பர் விரிப்பையோ பரப்பி, புத்தகம் கட்டுவோர் உபயோகிக்கும் திருகு அழுத்தியில் வைத்து இறுக்க வேண்டும். மென்மையான விரிப்பே பள்ள அச்சின் வேலையைச் செய்கிறது. தாள் அழுத்தத்திலேயே உலர்ந்தால் புடைப்பு நிலைக்கும். ஈரத்தோடு எடுத்தால் தளர்ந்துவிடும்.

ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டுமாயின், கைப்பிடியால் சுழற்றும் உருளை இயந்திரமும், மேடும் பள்ளமும் பொருந்திய பிளாஸ்டிக் மடிப்புத் தகடுகளும் உதவும். ஆனால் கடையில் கிடைக்கும் தகடுகளின் வடிவங்கள் எல்லோரிடமும் இருப்பவை. நம் வாசலில் அன்றாடம் இடும் புள்ளிக்கோலம், நெற்கதிர், கோரைப்பாயின் நெசவு, பழவேற்காட்டில் பெண்கள் பனை ஓலையில் முடையும் பின்னல் ஆகிய இவையே நமது அட்டைக்குத் தனி முகம் தருவன.

புடைப்பை அடி அட்டையிலேயே செய்யாமல், தனித் துண்டில் செய்து முகப்பில் ஒட்டுவது நலம். உட்பக்கம் எழுதுவதற்குச் சமமாக இருக்கும். தவறினால் சிறு துண்டு மட்டுமே வீணாகும். முத்திரையையும் புடைப்பின் மேல் இடாமல், வழவழப்பான வேறொரு துண்டில் இட்டு அதன் மேல் ஒட்ட வேண்டும். மேடு பள்ளத்தில் மை சீராகப் படியாது.

வெட்டச்சு

ஒரே வடிவத்தை நூறு முறை கத்தரியால் வெட்டினால் நூறும் நூறு விதமாக அமையும். இக்குறையை நீக்குவது வெட்டச்சு. தொழிலாளர் வழக்கில் 'டை'. ஒட்டுப்பலகையில் வடிவத்தை அறுத்து, அந்தப் பிளவில் கூரிய எஃகு நாடாவை வளைத்துப் பொருத்தி, வெட்டிய தாளைத் தள்ளி வெளியேற்ற இருபுறமும் ரப்பர்த் துண்டுகளை ஒட்டினால் வெட்டச்சு ஆயிற்று. கூர்மையற்ற நாடாவை வைத்தால் அதே அச்சு மடிப்பு வரியையும் அழுத்தித் தரும்.

இதற்காகப் பெரிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஆஃப்செட் முறை வந்தபின் பல அச்சகங்களில் பழைய டிரெடில் இயந்திரங்கள் எழுத்து அச்சிடுவதை விட்டு, எண் இடவும், வரி அழுத்தவும், வெட்டவும் பயன்பட்டு வருகின்றன. அச்சைக் குழு தன் செலவில் செய்துகொண்டு, வெட்டும் வேலையை அத்தகைய அச்சகத்தில் கூலிக்குக் கொடுப்பதே தொடக்கத்திற்கு ஏற்றது. டிரெடில் இயந்திரத்தின் வாய் மூடும்போது கை சிக்கினால் விரல் போய்விடும். பழக்கமில்லாத உறுப்பினரை அதன் அருகே நிறுத்துவது தகாது.

ஒட்டுதலும் மழைக்காலமும்

மைதாப் பசை மலிவானது. ஆனால் கரப்பானையும் பூச்சியையும் அழைக்கும். பைண்டிங் தொழிலாளர் அதில் மயில்துத்தம் கலப்பது இதற்காகவே. ஆனால் அது நஞ்சு. சமையல் செய்யும் வீட்டில் அதை வைத்திருப்பது ஆபத்து. ஆகையால் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையே மேல். அதிகம் தடவினால் தாள் நெளியும். மெல்லியதாகத் தடவி, ஒட்டியபின் கனமான பலகையின் கீழ் உலர வைக்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய இடையூறு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. அதற்கு முந்திய அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களே வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றில் ஈரம் மிகும்போது தாள் அதை உறிஞ்சிக்கொள்ளும்; புடைப்பு தளரும், பசை உலராது, அட்டைக் கட்டுகளில் பூசணம் பிடிக்கும். எனவே தாள் வெட்டுதல், வரி அழுத்துதல், புடைத்தல் ஆகிய வேலைகளைச் செப்டம்பருக்குள் முடித்து, பிளாஸ்டிக் உறையில் கட்டித் தரையில் படாமல் உயரத்தில் வைக்க வேண்டும். பெயர் பதித்தலும் ஒட்டுதலும் மட்டுமே மழைக்காலத்திற்கு மிஞ்ச வேண்டும்.

கூலிக் கணக்கு

இத்தொழிலில் நன்மையும் தீமையும் கணக்கிலேயே அடங்கியுள்ளன. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இதிலுள்ள தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. அந்தந்த ஊரின் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

500 அட்டைகளுக்கு ஒரு நிறுவனம் ஆர்டர் தருகிறது. பத்தில் ஒன்று கெடும் என்று கருதி 550 அட்டைகள் செய்ய வேண்டும். தாள், உறை, மை, பசை ஆகியவற்றுக்கு அட்டை ஒன்றுக்கு 8 ரூபாய் வீதம் 4,400 ரூபாய். வெட்டச்சு செய்யும் செலவும் வெட்டுக் கூலியும் 1,500 ரூபாய். கட்டுமானமும் வண்டிச் செலவும் 600 ரூபாய். ஓர் அட்டைக்கு 12 நிமிடம் ஆகுமானால் மணிக்கு 5 அட்டைகள். 550 அட்டைகளுக்கு 110 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் கூலி என்றால் 5,500 ரூபாய். மொத்தம் 12,000 ரூபாய். அட்டை ஒன்றின் அடக்க விலை 24 ரூபாய்.

இப்போது நடைமுறையைப் பாருங்கள். "தாளும் மையும் 8 ரூபாய்தானே, 15 ரூபாய்க்குக் கொடுத்தால் 7 ரூபாய் லாபம்" என்று குழுவினர் மகிழ்கின்றனர். 500 அட்டைக்கு 7,500 ரூபாய் வருகிறது. அதில் கூலி நீங்கலான செலவு 6,500 ரூபாய் போக மிஞ்சுவது 1,000 ரூபாய். 110 மணி நேரம் உழைத்த பெண்களுக்கு மணிக்கு 9 ரூபாய் அளவே கிடைத்தது. லாபம் என்று எண்ணியது அவர்களுடைய கூலியிலிருந்தே எடுக்கப்பட்டது. இரண்டு பருவம் கழித்து அவர்கள் வேலையை விட்டு விலகினால், அதற்குச் சோம்பல் காரணமன்று. அவர்கள் கணக்கை உணர்ந்துகொண்டதே காரணம்.

விலையைக் குறைக்க வேண்டுமானால் கூலியைக் குறைக்காமல் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒருவரே ஓர் அட்டையை முழுதும் செய்வதற்குப் பதிலாக, ஒருவர் வெட்ட, ஒருவர் வரி அழுத்த, ஒருவர் புடைக்க, ஒருவர் முத்திரையிட, ஒருவர் ஒட்ட, ஒருவர் சரிபார்த்து உறையிலிட என்று பிரித்துக்கொண்டால் நேரம் சுருங்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 12 நிமிடம் 8 நிமிடமானால் கூலிச் செலவு 3,667 ரூபாயாகவும், அட்டையின் அடக்க விலை ஏறக்குறைய 20 ரூபாயாகவும் இறங்கும். மணிக்கூலியோ குறைவதில்லை.

ஆர்டர் பெறும் முறை

முதலில் அட்டைகளைச் செய்து குவித்துவிட்டுப் பின்னர் வாங்குவோரைத் தேடுவது ஆகாது. ஐந்தாறு மாதிரிகளை மட்டும் செய்து, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தொழிற்பேட்டை நிறுவனங்களின் அலுவலகங்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அளவு, நிறம், வாசகம், ஒப்படைக்கும் நாள், விலை ஆகியவற்றை எழுத்தில் பெற்று, முன்பணம் வாங்கிய பின்னரே தாள் வாங்க வேண்டும். முன்பணம் தாள் செலவுக்காவது ஈடாக இருக்க வேண்டும்.

பொங்கல் ஆண்டுக்கு ஒரு முறையே வருவது. ஆகவே ஆயுத பூசை அழைப்பு, மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் அட்டை, ஊரில் நடக்கும் காதணி விழா, புதுமனை புகுவிழா, திருமணம் ஆகியவற்றின் அழைப்பிதழ்கள் என ஆண்டு முழுவதும் வேலை அமைத்துக்கொள்ள வேண்டும். கருவிகளும் கைப்பழக்கமும் ஒன்றே. வாசகம் மட்டுமே மாறும்.

வாசகத்திலும் பெயரிலும் எழுத்துப் பிழை இருத்தல் கூடாது. நடிகர் படங்களையும், கைப்பேசியில் கிடைக்கும் பிறர் ஓவியங்களையும் எடுத்தாளக் கூடாது. நிறுவனத்தின் சின்னத்தை அவர்கள் அனுமதியோடு மட்டுமே பதிக்கலாம். நாட்டின் அரசுச் சின்னத்தைத் தகாத முறையில் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அரசு விழா அழைப்பு என்றாலும் கேட்டறியாமல் அதைப் பதித்தல் ஆகாது.

தபாலில் அனுப்புவோர் உறையோடு சேர்த்து அட்டையை நிறுத்துப் பார்க்க வேண்டும். 250 ஜிஎஸ்எம் தாளில் செய்த அடி அட்டை மட்டும் ஏறக்குறைய 8 கிராம்; அடுக்குகள் கூடக்கூடக் கட்டணமும் கூடும். மணி, கல் போன்ற உயர்ந்த அலங்காரங்கள் தபாலில் நசுங்கும். அவை நேரில் கொடுக்கும் அட்டைகளுக்கே உகந்தவை.

ஊராட்சி மன்றங்களின் கடமை

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் இன்று ஊர்தோறும் வேரூன்றியுள்ளது. சேமிப்பும் கணக்கு எழுதும் பழக்கமும் அக்குழுக்களிடம் ஏற்கெனவே உண்டு. அவற்றுக்கு இயந்திரத்தைவிட முதலில் வேண்டுவன வேறு. மழை ஒழுகாத, வெளிச்சமுள்ள ஓர் அறை, சமமான பெரிய மேசை, பூட்டுள்ள அலமாரி, தொழிற்பேட்டை நிறுவனங்களுக்கு ஓர் அறிமுகக் கடிதம். இவற்றை ஊராட்சி மன்றம் அதிகச் செலவின்றி ஏற்பாடு செய்யலாம்.

பயிற்சிக்குப் பரிந்துரை செய்யுமுன் உறுப்பினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். வாங்குபவர் ஒருவராவது எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா? அடக்க விலையில் மணிக்கூலி சேர்க்கப்பட்டுள்ளதா? மழைக்காலத்திற்கு முன் எவ்வளவு வேலை முடியும்? இவற்றுக்கு விடை கிடைத்தபின் இருபது பேருக்குப் பயிற்சி அளிப்பதைவிட, ஆறு பேரைக் கொண்ட ஒரு குழு 200 அட்டைகளைக் குறித்த நாளில் ஒப்படைப்பது சிறந்த தொடக்கம். முதல் பருவத்தில் கடன் வாங்காமல் முன்பணத்தையும் குழுச் சேமிப்பையும் கொண்டே நடத்துவது பாதுகாப்பானது. இரண்டாம் ஆண்டில் ஆர்டர் பெருகினால் உருளை இயந்திரம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு சொல். வீட்டுப் பெண்கள் மேசையருகே அமர்ந்து காகிதம் மடிப்பதை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். நாற்றைப் பத்தி பிடித்து நடும் அதே கைக்கணக்குதான் இங்கும் வேலை செய்கிறது. அறுவடைக்கு ஆள் கூலியைக் கணக்கில் எழுதுவது போலவே, அவர்கள் அமர்ந்த மணி நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டில் உள்ள எண்ணைக் கூட்டிப் பார்த்த பின்னரே அட்டையின் விலையைச் சொல்லுங்கள்.